நெட்டில் கேட்ட மரண அறிவித்தல்

இணைய வானொலியைக் கண்டுபிடித்தவன் ஹட்டன் பக்கம் வந்திருக்கவே மாட்டான். வந்திருந்தால் அந்தத் தொழிலையே விட்டுப் போயிருப்பான். நான் வேலை பார்த்த கம்யூனிகேஷன் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். முதலாளி போனைத் தூக்கினால் நெட் அறுந்துவிடும். மழை வந்தால் லைன் கரகரக்கும், எங்கள் ஊரில் மழைக்கா பஞ்சம். வெளிநாட்டுத் தமிழ் ரேடியோ போட்டுக் கொடுங்கள் என்று யாராவது வந்தாலே எனக்கு எரிச்சல்தான். அரைப் பாட்டு பாடும், பிறகு 'பஃபரிங்' என்று திரையில் வந்து குந்திக்கொள்ளும். வந்தவர்கள் என்னை முறைப்பார்கள், லண்டனிலிருந்து கேபிளை நானே இழுத்து வந்தவள் மாதிரி.

அண்ணன் இறந்த செய்தியும் அந்தக் கடைக்குத்தான் வந்தது. லண்டனில் மாரடைப்பு. அவனோடு ஹட்டனில் ஒன்றாகப் படித்து, அங்கேயே குடியேறிய நண்பர்தான் போன் எடுத்தார். "நாளைக்கு ரேடியோவுல மரண அறிவித்தல் போகும் தங்கச்சி. மறுநாளும் அதே நேரத்துக்குப் போடுவாங்க. நெட்டுல கேக்கலாம்" என்றார்.

அண்ணியை நாங்கள் பார்த்ததில்லை. கல்யாணம் லண்டனிலேயே நடந்தது, படம்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் குடும்பம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவளோடு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் அவள் வேலைக்குப் போயிருப்பாள்.

உடம்பு வராது, அங்கேயே எரித்துவிடுவார்கள். எங்களுக்கு மிஞ்சியது அந்த அறிவித்தல் மட்டுமே. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் இறந்தால் சாவு சொல்ல ஒரு ஆளை அனுப்புவோம். அவர் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் போய், இன்னாருடைய மகன் தவறிவிட்டார் என்று வாசலில் நின்று சொல்வார். செத்தவன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது எங்களிடம் வழக்கமில்லை. யார் பெற்ற பிள்ளை என்று சொன்னால்தான் சாவு சொன்னதாகும். அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது. லண்டன்காரர்கள் கேட்க அவன் தன் மகன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

முதல் நாள் அம்மாவும் அப்பாவும் மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்தார்கள். சோக இசை போனது. "கண்டியைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட..." என்று ஒரு பெண் குரல் தொடங்கி, அண்ணனின் பெயரைச் சொன்னது. அத்தோடு நின்றுவிட்டது. பஃபரிங். மறுபடி சத்தம் வந்தபோது "அன்பு மருமகனும்" என்பதில் இருந்தது. அண்ணியின் ஊர், அவள் தகப்பன், சகோதரர்கள் என்று நீளமாக வாசித்து முடித்தார்கள்.

"கண்டிங்கிறாங்களே?" என்றார் அப்பா.

"தோட்டத்துப் பேரச் சொன்னா அங்க யாருக்குப்பா தெரியும்?" என்றேன். மலைநாட்டிலிருந்து போகிற எல்லோரும் கண்டி என்றுதான் சொல்வார்கள். தோட்டம் என்று சொல்ல நாக்கு வராது.

அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "நடுவுல நின்னுச்சே, அங்கனதான் எங்க பேரு. மெசினு முழுங்கிருச்சு. நாளைக்கு ஒழுங்கா போட்டுக் குடு புள்ள" என்றாள்.

மறுநாள் நான் அந்த மெஷினோடு மல்லுக்கட்டினேன். யாரோ பாட்டு இறக்கப் போட்டிருந்த மற்றக் கம்ப்யூட்டரை அணைத்தேன். முதலாளி கெஞ்சக் கெஞ்ச அவருடைய போன் வயரைப் பிடுங்கிவிட்டேன். ரேடியோவின் பக்கத்தில் வேகம் குறைந்த லைனுக்கென்று தனியாக ஒரு லிங்க் இருந்தது, அதைப் பிடித்தேன். பிளேயரின் செட்டிங்ஸுக்குள் போய், முன்கூட்டிச் சேமிக்கிற நேரத்தைக் கூட்டி வைத்தேன். ஸ்பீக்கரின் ஒரு பக்கம் செத்துக் கிடந்தது, பின்னைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் அதுவும் பேசியது. மழையும் விட்டிருந்தது. அந்தக் கடையில் ரேடியோ அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் கேட்டதேயில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதே குரல். கண்டி, லண்டன், அண்ணனின் பெயர். பிறகு, எங்கும் நிற்காமல், "காலஞ்சென்றவர்களான" என்று சொல்லி அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சேர்த்து, "தம்பதிகளின் அன்பு மகனும்" என்றது.

இருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மீதியை யார் கேட்டது? புடவைக்கடை விளம்பரம் வந்த பிறகுதான் சத்தத்தைக் குறைத்தேன். அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "அவங்களா எழுதுனதா, அவன் சொல்லி வெச்சதா?"

"அவங்கதாம்மா தப்பா எழுதிட்டாங்க" என்றேன். அவளை வெளியே அனுப்பிவிட்டு, பிடுங்கிய போன் வயரை மாட்டி நண்பருக்கு எடுத்தேன். அவர் முதலில் மென்று முழுங்கினார். பிறகு, "கல்யாணம் பேசக்குள்ளயே அப்பா அம்மா இல்லன்னு சொல்லிட்டான் தங்கச்சி. தோட்டம்னு தெரிஞ்சா பொண்ணு தர மாட்டாங்கன்னு பயந்தான்" என்றார்.

அண்ணிமீது எனக்குக் கோபமில்லை, அவளையும்தான் ஏமாற்றியிருக்கிறான். அவன் படிக்க வேண்டும் என்று அட்டை கடித்த காலோடு மலை ஏறி இறங்கியவள் அம்மா. அவளை உயிரோடு வைத்தே கொன்றுவிட்டு, தீபாவளிக்குத் தீபாவளி போனில் "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டிருக்கிறான். அவர்களாவது செத்தார்கள். தங்கை என்ற சொல்லே இல்லாத அந்த அறிவித்தலில் எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. நான் பிறக்கவேயில்லை. இன்றுவரை அவன் திவசத்துக்கு நான் கும்பிட்டதில்லை, கும்பிடப் போவதுமில்லை.

பஸ் ஏறித் தோட்டத்துக்குத் திரும்பினோம். லயத்தில் எங்கள் வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் கேட்டாள்.

"ரேடியோவுல சொன்னாங்களா?"

அப்பா செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டார். அம்மா நிமிர்ந்தே நின்றாள்.

"சொன்னாங்க. எங்க ரெண்டு பேரு பேரையும் சொன்னாங்க."

"கடேசி வரைக்கும் பெத்தவங்கள மறக்கல பாருங்க" என்று அந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள் அம்மா.