காதுகுத்து வீடியோவில் நான் அழவில்லை

எனக்குக் காது குத்தும்போது எட்டு வயது. தாய்மாமனுக்கு நாள் தோதுப்படாமல் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கொளஞ்சியப்பர் கோயிலில் வைத்துக் குத்தினார்கள். மாமா பீங்கான் கம்பெனியில் மண் பிசைகிறவர். அவர் மடியில் உட்கார்ந்தால் திமிற முடியாது. அதனால் வாயால் ஆனதைச் செய்தேன். பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்ததாம்.

அன்றிலிருந்து அத்தை மகன் என்னை "சைரன்" என்றே கூப்பிட்டான். "ஞாயித்துக்கெழம அவங்க வூட்டுல வீடியோ போடுவாங்க, வந்து பாருங்கடா" என்று பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லிவைத்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீடியோ எடுத்தது அப்பாதான். அவருக்கு அதுதான் தொழில். ஊர் விசேஷங்களை எடுத்து, முன்னறைக் கம்ப்யூட்டரில் அவரே வெட்டி ஒட்டுவார். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே கேசட்டில் அடுத்த விசேஷத்தை எடுப்பார். சிடியில் ஏற்றியதும் கம்ப்யூட்டரிலும் அழித்துவிடுவார், இடம் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எனக்கு வேலை பழகியிருந்தது.

என் காதுகுத்தை முடித்துவிட்டு, "காலைல சிடியில ஏத்திக்கலாம்" என்று அப்பா குளிக்கப் போனார். நான் நாற்காலியில் ஏறினேன். வாயைத் திறக்கும் இடத்தில் ஒரு வெட்டு, கையில் லட்டோடு சிரிக்கும் இடத்தில் ஒரு வெட்டு. என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல், நடுவில் இருந்ததை ஓட்டிக்கூடப் பார்க்காமல் தூக்கிவிட்டு, இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு ரோஜா மலர்கிற மாதிரி ஒட்டினேன். பெண்ணாடத்துக் கல்யாணத்துக்கு ஓடுகிற அவசரத்தில் அப்பா அதை அப்படியே ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். டிவியில் ஊசி நெருங்கியது, ரோஜா மலர்ந்தது, நான் சிரித்தேன்.

"பாரேன், புள்ள அழவே இல்ல!" என்றாள் பெரியம்மா. கோயிலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றவள் அவள்தான். கண்ணால் கண்டதைவிட டிவியில் வந்ததைத்தான் எங்கள் சனம் நம்பும். "பொய், பொய்" என்று கத்திய அத்தை மகன் அத்தையிடம் ஒரு குட்டு வாங்கினான்.

அம்மா மட்டும், "எங்கங்க அந்த எடம்?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

"கேசட்டுல இருக்கும் இல்ல?"

"அதுலதான் பெண்ணாடத்துக் கல்யாணத்த எடுத்துட்டனே."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பெற்ற பெண் அழுவதைப் பார்க்க இத்தனை ஆசையா என்று எனக்குக் கோபம். அப்பா என்னைக் கிட்டே இழுத்து, "ஒட்டு தெரியவே இல்லடி" என்றார். அந்தப் பாராட்டில் ஏறிய திமிர்தான் இன்று என்னைச் சென்னையில் எடிட்டராக உட்கார வைத்திருக்கிறது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து, அவர் நடமாடுவதை ஒரு தடவை பார்க்கலாம் என்று அலமாரி சிடிகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். பாதி ஊர் அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கேமரா பிடித்தவர் எதிலும் இல்லை.

"ஒன் காதுகுத்துல இருந்தாரு" என்றாள் அம்மா. "நீ அழுவுறது பொறுக்காம, கேமராவ ஸ்டாண்டுல வுட்டுட்டு ஓடியாந்து ஒன்னத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, அவரும் அழுதாரு. அது ஒண்ணுதான் இருந்துது."

தான் அழுததை அப்பா வெட்டாமல்தான் வைத்திருந்தார். நான் வெட்டினேன்.