மெர்சியின் கிளவுஸ்

புது கிளவுஸ் விறைப்பாக இருக்கும். பேஸ்பால் பழக வரும் சின்னப் பிள்ளைகளுக்கு அதில் விரல் மடங்காது. ஞாயிறு காலை பொன்மலை மைதானத்தில் உட்கார்ந்து அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனையில் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஞாயிறானால் இதே மைதானத்தில் காலனிப் பிள்ளைகளுக்குக் கோச். கோச்சின் பிள்ளை கடைசியாகத்தான் பேட் பிடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். பக்கத்து வீட்டு மெர்சி பந்தை விட்டால், "பரவால்ல கண்ணு, அடுத்தத அடிச்சிரலாம்" என்பார். நான் விட்டால், "போ, பந்த எடுத்துட்டு வா." வீட்டில்கூட அவர் என்னைக் கண்ணு என்றதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மெர்சியின் கிளவுஸை என் பைக்குள் ஒளித்தேன். அவள் அழுதாள். அப்பா தன் கிளவுஸையே கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். அன்று முழுக்க அவள் அதைக் கழற்றவேயில்லை.

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினேன். பாதியில் ஒரு குட்டிப் பெண் ஓடிவந்தாள். சற்று முன் நான் கண்ணு என்று கொஞ்சியவள்.

"மிஸ், என் கிளவுஸக் காணோம்!"

வரிசையின் கடைசியில் என் எட்டு வயது மகள் தன் பையை இறுக்கிப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்தாள்.

நேரே போய் என் கிளவுஸைக் கழற்றி மகள் கையில் மாட்டினேன்.

"பையில இருக்கறத அவகிட்ட குடுத்துடு கண்ணு."

மாட்டும்போது, அந்த எட்டு வயதுக்காரி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.