ரசமட்டம் பாஸ்தா சுட்ட கதை

டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி எவரிடமும் ஒரு ரசமட்டம் இருக்கும். கட்டைக்கு நடுவே சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம், ஒதுங்கினால் கோணல். நம் மேஸ்திரிக்கு அந்தக் கருவியே பட்டப்பெயராகிவிட்டது. வேலையிடத்தில் பெயின்டர் வைத்த பெயர் மெல்ல வீடு வரைக்கும் வந்து, கடைசியில் மனைவியே அவரை ரசமட்டம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முகத்துக்கு நேரே மட்டும் 'ஏங்க.'

பெயர் சும்மா வரவில்லை. ஓட்டலில் மேசை ஆடினால் வேறு மேசைக்கு மாறுவார். அதுவும் ஆடினால் சாப்பிடாமலே வெளியே வந்துவிடுவார். கல்யாணம் பேச மாமனார் வீட்டுக்குப் போன அன்றைக்கு, சுவரில் சாய்ந்து தொங்கிய ஒரு போட்டோவை நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கே நான் பின்வாசல் வழியா ஓடியிருக்கணும்" என்பாள் மனைவி.

அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லும்படியான கை. வாய் அப்படி இல்லை. குத்தினால் உடனே தெரியும்.

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் மேஸ்திரி சமையலறையில் வேலை என்று நின்றது ஒரே ஒரு முறை. தரைக்கு டைல்ஸ் மாற்றிய அந்த நான்கு நாட்கள். மற்றபடி தண்ணீர் குடிக்கப் போவார், பானைக்கு மேல் இருக்கும் டம்ளரை நேராக வைத்துவிட்டு வருவார்.

அப்படிப்பட்டவர் ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் சமையலறைத் தரை வேலைக்குப் போனார். ஒன்பது நாள் வேலை. கடைசி நாள் மத்தியானம் சாமான்களைக் கழுவிப் பையில் போடும்போது மழை பிடித்துக்கொண்டது.

"இந்த மழையில எங்க போவீங்க மேஸ்திரி? உக்காருங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா.

ஓவனிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டம் வெளியே வந்தது. மேலே பொன்னிறத்தில் ஒரு பரப்பு, அங்கங்கே பழுப்புப் புள்ளிகள், ஓரமெல்லாம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி முதலில் பார்த்தது அதன் மட்டத்தைத்தான். ஒரு மூலைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. டாக்டரம்மா சதுரமாக ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார். மேலே முறுகல், உள்ளே வெண்ணெயும் பாலும் சேர்ந்த வழவழப்பு, அதற்குள் குட்டிக் குழாய் குழாயாகப் பாஸ்தா. ஆறு நிமிடத்தில் மத்தியானச் சாப்பாட்டை முடிக்கிற மனிதர் அந்த ஒரு துண்டை இருபது நிமிடம் சாப்பிட்டார். மழை நின்றதுகூடத் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"மேல மொறுமொறுன்னு இருக்கு. உள்ள வழுவழுன்னு இருக்கு. கொஞ்சம்கூட ஏற்ற இறக்கமே இல்ல."

"தரையச் சொல்றீங்களா, சாப்பாட்டச் சொல்றீங்களா?"

"சாப்பாடுதான். வெள்ளை சாஸ் ஊத்தி ஓவன்ல வைக்கிற பாஸ்தா."

"அவ்வளவு நல்லா இருந்தா எப்படிப் பண்ணாங்கன்னு கேட்டுட்டு வர வேண்டியதுதானே?"

யாரிடமும் எதையும் கேட்பது மேஸ்திரியின் வழக்கமில்லை. தெருப் பெயர் தெரியாவிட்டால்கூட வண்டியை மூன்று சுற்றுச் சுற்றுவாரே தவிர, நிறுத்தி விசாரிக்க மாட்டார். "கேக்கணும்னு என்ன இருக்கு? நானே பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "ஜன்னலோரம் ஒரு டைல்ஸ் மேல எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கும்மா. வந்து தட்டிப் பாத்துடறேன்." போய்ப் பார்த்தால் டாக்டரம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அடுப்பு அணைந்து கிடந்தது. ஒரு டீயைக் குடித்துவிட்டு, குறையே இல்லாத டைல்ஸை நாலு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

அடுத்த ஞாயிறும் சந்தேகம் வந்தது. இந்த முறை அதிர்ஷ்டம் இருந்தது. டாக்டரம்மா அடுப்பு முன்னால் நின்றிருந்தார். மேஸ்திரி மண்டியிட்டு ரப்பர் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே ஒரு கண்ணை மேலே அனுப்பினார். ஆனால் தரையிலிருந்து பார்க்கிறவனுக்கு வாணலிக்குள் என்ன தெரியும்? வெண்ணெய் போனது தெரிந்தது. மைதா மாவு போனது தெரிந்தது. பால் குவளையை எடுத்தது தெரிந்தது. அதற்கப்புறம் டாக்டரம்மாவின் முழங்கை மட்டும்தான். அது சுற்றிச் சுற்றி வந்தது, நிற்கவே இல்லை. அலமாரியில் இருந்த பாஸ்தா பாக்கெட்டின் நிறத்தை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார். மஞ்சளில் சிவப்புப் பட்டை.

திரும்பும் வழியில் அதே பாக்கெட்டையும், வெண்ணெய், மைதா, பால், சீஸையும் வாங்கிக்கொண்டு வந்தார். மனைவி பாஸ்தாவை டப்பாவில் கொட்டி வைத்தாள். காலிப் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தாள், மடித்து எடுத்துப் போனாள். மேஸ்திரி அதைக் கவனிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிடுவதில் மும்முரமாக இருந்தார்.

முதல் முயற்சி சாஸோடு நின்றது. வெண்ணெய் உருகியது, மாவு வறுபட்டது, வாசனையும் வந்தது. அரை லிட்டர் பாலையும் ஒரே வீச்சில் ஊற்றிவிட்டு, டாக்டரம்மாவின் முழங்கையை நினைத்துக்கொண்டு சுற்றினார். சுற்றச் சுற்றக் கோலிக்குண்டு அளவில் கட்டிகள் மிதந்து வந்தன.

வாசல்படியில் சாய்ந்து நின்ற மனைவி கேட்டாள். "உங்க சிமெண்டுக்கு இப்படித்தான் ஒரேடியா தண்ணி ஊத்துவீங்களா?"

"அது எப்படி ஊத்த முடியும்? கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்கணும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது முயற்சிக்கு ஓவன் தேவைப்பட்டது. அது மாடியில் குடியிருந்த கொழுந்தியாள் வீட்டில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் எதுவும் வெந்ததில்லை. பழைய திரைச்சீலைகள், மூடி தொலைந்த டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு ஒன்று, எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள்.

"மாமா, இத்தனை வருஷமா இது அலமாரின்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் கொழுந்தியாள்.

சாஸ் இந்த முறை பட்டு மாதிரி வந்திருந்தது. பாலைக் கரண்டி கரண்டியாக விட்டிருந்தார். வேகவைத்த பாஸ்தாவை அதில் புரட்டித் தட்டத்தில் கொட்டி, கரண்டியின் முதுகால் இழுத்துச் சமப்படுத்தினார். சீஸைத் துருவித் தூவினார். ஓவனுக்குள் வைத்தவர், குனிந்து பார்த்துவிட்டு, உடனே வெளியே எடுத்தார்.

"என்ன மாமா?"

"உள்ள கம்பித் தட்டு சாயுது. சாஸ் ஒரு பக்கமா ஒதுங்கிடும்."

பையிலிருந்து ரசமட்டம் வந்தது. குமிழி இடது பக்கம் ஒதுங்கி நின்றது. ஓவனின் காலுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்தார். எடுத்தார், அதைவிட மெல்லிசாக இன்னொன்றை வைத்தார். அக்காவும் தங்கையும் சோபாவில் சாய்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் குமிழி நடுவுக்கு வந்தது. அதன்பின் தட்டம் உள்ளே போய், அரை மணியில் பொன்னிறமாக வெளியே வந்தது. பார்க்க டாக்டரம்மா வீட்டுத் தட்டத்துக்கு அச்சு அசலாக இருந்தது.

மூன்று பேரும் ஒரு வாய் எடுத்தார்கள்.

"மட்டமா இருக்குங்க" என்றாள் மனைவி. மேஸ்திரி முகம் மலர்வதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "ரெண்டு அர்த்தத்துலயும்."

உப்பு போடவே இல்லை. சாஸில் இல்லை, பாஸ்தா வெந்த தண்ணீரிலும் இல்லை. கொழுந்தியாள் உப்பு ஜாடியை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். மேஸ்திரி கை கழுவிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார். அன்று இரவுச் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு அவர் போன் போடவில்லை. நேராகப் போய் டாக்டரம்மா வீட்டு மணியை அடித்தார். சுத்தியல் பை கையில் இல்லை.

"என்ன மேஸ்திரி, இன்னிக்கு எந்த டைல்ஸ்?"

"டைல்ஸ் எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பாஸ்தா... அது எப்படிப் பண்றதுன்னு..." கேட்டே விட்டார்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டாவது தடவை வந்தப்பவே நெனச்சேன். தட்டறது தரையில, கண்ணு அடுப்புல. இதுக்கா இத்தனை நடை? எனக்கும் ஒண்ணும் தெரியாது மேஸ்திரி. பாக்கெட் பின்னாடி போட்டிருக்கு, பாத்துப் பண்றேன், அவ்வளவுதான்."

மேஸ்திரி வீட்டுக்கு வந்து டப்பா டப்பாவாகத் திறந்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். "அந்தப் பாக்கெட் எங்க?"

மனைவி பதறவே இல்லை. கைப்பையைத் திறந்து, எட்டாக மடித்த மஞ்சள் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"இது உன்கிட்டயா இருந்துது? உனக்கு மொதல்லேர்ந்தே தெரியுமா?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே படிச்சுட்டேன்."

"உப்பு போடணும்னும் தெரியும்?"

"பெருசா போட்டிருக்கே."

மேஸ்திரிக்கு வந்த கோபம் ஒன்றும் சாதாரணமானதல்ல. வாசலில் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் தெருவைப் பார்த்தார். அவள் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே காட்டியிருந்தா அரை மணியில பண்ணி முடிச்சுட்டு டிவி முன்னாடி போயிருப்பீங்க" என்றாள். "இந்த ஒரு வாரமா சமையக்கட்டுல நின்னு என்கூட இவ்வளவு பேசியிருக்கீங்க. எனக்கு நல்லா இருந்துச்சு. அதான் காட்டல."

மேஸ்திரி டீயை வாங்கிக்கொண்டார். கோபத்தை எங்கே விட்டார் என்று தெரியவில்லை.

மூன்றாவது பாஸ்தா அன்றைக்கே ஆனது. எழுத்து பொடியாக இருக்கிறது என்று அவர் சொன்னதால் அவள் படித்தாள், அவர் செய்தார். 'உப்பு, தேவையான அளவு' என்ற இடத்தில் மட்டும் வேலை நின்றது.

"தேவையான அளவுன்னா எவ்வளவு? இப்படி எழுதினா மனுஷன் எப்படி வேலை பாக்கறது?"

"கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாருங்க."

பார்த்தார். அவளுக்கும் ஒரு சொட்டு கொடுத்தார். இன்னும் ஒரு சிட்டிகை என்றாள், போட்டார். மாடியிலிருந்து தட்டம் இறங்கி வந்தபோது மேல்பரப்பு ஒரு மூலையில் லேசாகக் கருகியிருந்தது. மேஸ்திரி அந்த மூலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். கொழுந்தியாள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மீதியை மறுநாள் மனைவி டப்பாவில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் முகம் தொங்கத் திரும்பி வந்தாள். ரத்தம் எடுக்கும் அறையிலிருந்த நாலு பேரும், ரிப்போர்ட் அடிக்கிற பெண்ணும், வாசல் காவலாளியும் ஆளுக்கொரு கரண்டி என்று கைவைத்ததில் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த சீஸ்தான் அவளுக்குக் கிடைத்ததாம்.

"பசி உயிர் போகுது. யாராவது ஏதாவது பண்ணிக் குடுத்தா நல்லாயிருக்கும்" என்று கூடத்து விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.

மேஸ்திரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவியிருந்தார். ஈரக்காலோடு உள்ளே போய், தண்ணீரை அடுப்பில் வைத்து, முதல் காரியமாக அதில் ஒரு கை உப்பைப் போட்டார்.