கிரேக்கத்துக்குப் போகாத ஹெலன்

ஹெலன் எம்.எஸ்சி. பிசிக்ஸ், பி.எட். ஆனால் வேலை ஆம்பூர் ஷூ கம்பெனியில், சோல் ஒட்டும் லைனுக்கு சூப்பர்வைசர். பள்ளிக்கூடங்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பிசிக்ஸ் என்ற சொல் எங்கே பிறந்தது என்று சொல்லாமல் அவளுக்குப் பாடம் தொடங்க வராது. கிரேக்கத்தில் ‘ஃபூசிஸ்’ என்றால் இயற்கை. முளைப்பது, வளர்வது என்றும் பொருள். மழை, மரம், ஆடு, நட்சத்திரம் எல்லாமே அந்த ஒரே படிப்பில் அடக்கம். வைத்தியரை பிசிஷியன் என்பதும் அதே வேர்தான். நம் தாத்தாக்கள் பஞ்சபூதத்தை வைத்துப் பௌதிகம் என்றார்கள். பிறகு அது இயற்பியல் ஆயிற்று. இதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு பள்ளிகளில் டெமோ வகுப்போடு அவளை வழியனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது பள்ளியின் வாசலில் அவள் கணவன் டேனியல் பைக்கை நிறுத்தினான்.

“ஹெலன், உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். இன்னிக்கு ஒரு நாள் கிரேக்கத்துக்குப் போவாத.”

“போவ மாட்டேங்க. நீங்க கெளம்புங்க.”

போகவும் இல்லை. உராய்வுதான் பாடம். தன் செருப்பையே கழற்றி, தேய்ந்த சோல் ஏன் வழுக்குகிறது என்று காட்டினாள். கடைசி பெஞ்சு கூட எட்டிப் பார்த்தது. பிரின்சிபல் குர்ஷித் மேடம் பின்னால் உட்கார்ந்து தலையாட்டினார். அப்போதுதான் சௌந்தர்யா என்ற பெண் எழுந்தாள்.

“மிஸ், பிசிக்ஸ்னா இன்னா மிஸ் அர்த்தம்?”

ஹெலனுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. “அடுத்த கிளாஸ்ல சொல்றேன்மா” என்று விழுங்கினாள். மணி அடித்தது. நல்ல கேள்வியைத் துரத்திவிட்டோமே என்று நொந்தபடி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கிளாஸ் நல்லா இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு கேட்டது உனக்கு நெஜமா தெரியுமா, இல்ல சமாளிச்சியா? சமாளிக்கிற டீச்சர் இங்க ஏற்கெனவே ஜாஸ்தி. நானே இருபது வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.”

தனக்குத் தெரியாது என்று மேடம் நினைத்தால் வேலை போய்விடும். சொல்லத் தொடங்கினாலும் போய்விடும். ஹெலன் ஒரு கணம் டேனியலை நினைத்தாள். அவனுக்குக் கொடுத்த வாக்கு வகுப்பறைக்கு மட்டும்தான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஆரம்பித்தாள்.

டீ ஆறிப்போனது. சாப்பாட்டு மணி அடித்தது. மேடம் அசையவில்லை. பௌதிகம் முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

“திங்கக்கிழமை மொத பீரியட். அந்தப் பொண்ணுக்கு இத்தனையும் சொல்லு. பாடம் எங்கயும் ஓடிப் போயிடாது.”