ரானுயி வீட்டுக் குளம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் கடல் தாண்டி ரானுயிக்கு வாருங்கள், வீட்டைக் காட்டுகிறேன். உள்ளே மட்டும் நான் வரமாட்டேன்.

எங்களுக்கு முன் அங்கே வாடகைக்கு இருந்தவர் ஒஸ்வால்டோ, கியூபாக்காரர். கொல்லைப்பக்கம் சின்னதாக ஒரு குளம் வெட்டி வைத்திருந்தார். காலி செய்யும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்.

"குளத்தை மட்டும் மூடிடாதீங்க. உள்ள ஒரு குய்ஹே இருக்கான். எங்க ஊர் ஆத்துப் பேய், குள்ளன். என்னோட வந்தவன், இப்ப கிளம்ப மாட்டேங்கிறான். குளம் இருக்கிறவரை சும்மா சேட்டை பண்ணுவான், அவ்வளவுதான்."

எனக்கு வந்ததே கோபம்! நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிற வீட்டில் குளமா? பேய்க்குப் பயந்து பிள்ளையைத் தண்ணீரில் விடவா? அந்தச் சனிக்கிழமையே மண்ணைக் கொட்டி மூடினேன். மேலே வெந்தயம் விதைத்தேன்.

மறுநாள் காலை என் ஷூவுக்குள் தண்ணீர். அதற்கடுத்த நாள் அரிசி டப்பாவுக்குள் தண்ணீர், பாசி வாடையோடு. என் மனைவி திலகா என்னைத்தான் முறைத்தாள்.

செவ்வாய் மாலை, ஐந்து நாற்பது. குளிர்காலம், வெளியே இருட்டிவிட்டது. மகள் தாரிணி குளியல் தொட்டியில் விளையாடிக்கொண்டிருந்தாள். துண்டு எடுக்கத் திரும்பினேன்.

கிக்... கிக்... கிக்...

சிரிப்பு. தாரிணியின் சிரிப்பு இல்லை.

பார்த்தேன். குழந்தை தண்ணீருக்கு அடியில் கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன.

தூக்கினேன். வரவில்லை.

யாரோ கீழே இழுத்தார்கள்...

"தோண்டிடுறேன்! சத்தியமா தோண்டிடுறேன்! விட்டுடு!"

விட்டது.

தாரிணி இருமினாள். அழுதாள். "ஹீ இஸ் ஸோ ஆங்ரி, டாடி."

அவள் கணுக்காலில் ஐந்து விரல் தடங்கள். அவள் கையை விடச் சிறிய கை.

அவளைத் திலகாவிடம் கொடுத்துவிட்டு உடனே கொல்லைக்கு ஓடித் தோண்டினேன். தண்ணீர் நிரப்பிவிட்டு, நகரத்தின் மறுகோடியில், பக்குரங்காவில் இருக்கும் நண்பன் மகேசன் வீட்டுக்குக் குழந்தையோடு போய்விட்டோம். அங்கிருந்து ஒஸ்வால்டோவுக்குப் போன் செய்தேன்.

"மூடினது தப்புதான். திரும்பத் தோண்டிட்டேன். இனி ஒண்ணும் பண்ணமாட்டான்ல?"

ஒஸ்வால்டோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க அப்பாவும் ஒரு தடவை மூடினாரு. பயந்துபோய் அன்னிக்கே தோண்டினாரு."

"அப்புறம்?"

"ஒரு மாசம் சும்மா இருந்தான். ஒருநாள் காலைல என் தங்கச்சி எழுந்திருக்கல. நெஞ்சு நிறைய ஆத்துத் தண்ணி. படுத்திருந்த மெத்தை காஞ்சு கிடந்தது."

நான் திரும்பத் தோண்டி இன்றோடு மூன்று வாரம். மகேசன் வீட்டிலேயே, தாரிணியின் பக்கத்தில், நானும் திலகாவும் முறை வைத்து விழித்திருக்கிறோம்.