நாலாவது மூலை

புதுக்கடைப் பள்ளிக்கூடத்தில் பெண்கள் கூடி, ஒட்டுத்துணி விரிப்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கட்டிய கயிறுகளில் அவை தொங்குகின்றன. வெட்டி மிஞ்சிய துண்டுகளில் ஒருத்தி தாமரைக்குளமே தைத்திருக்கிறாள். நான் சட்டை தைக்கிறவன். பல வருசம் இந்தத் துண்டுகளைக் கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

கூட்டத்தில் ஆண் நான் மட்டும்தான்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து என் விரிப்பையும் கக்கத்தில் கொண்டுவந்திருக்கிறேன். மனைவி செத்தபின் தைத்தது. இதையும் தொங்கவிட இடம் கேட்கிறேன். ஒரு அம்மாள் வாங்கி விரித்து, நடுவில் தடவிப் பார்க்கிறாள்.

"ஒத்தைக்கு இருந்து தச்சியளா அண்ணாச்சி?"

"ஆமா. எப்பிடித் தெரியும்?"

"நடுவுல சுருங்கிக் கெடக்குல்லா. இழுத்துப் பிடிக்க ஆளில்லேன்னா அடித்துணி நழுவிரும். நாங்க மூலைக்கு ஒருத்தியா நாலுபேரு இருந்துதான் தைப்போம்."

"அப்பம் தொங்கவிடக் கூடாதா?"

"இப்பிடியே போட்டா எங்க மானம்லா போவும்." சிரிக்கிறாள். "ஏட்டி, ரெண்டுபேரு வாங்க. பிரிச்சுத் தச்சிருவோம்."

நடுத்தையலைப் பிரிக்கிறாள். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உட்காருகிறார்கள். நாலாவது மூலை தரையில் கிடக்கிறது.

"பாத்துக்கிட்டு நிக்கியளே! இந்தாங்க ஊசி."

வெளியே சந்திப்பில் பஸ் ஹாரன் அடிக்கிறது. அதுதான் என் ஊருக்குக் கடைசி பஸ். வீட்டில் என்னைத் தேட ஆளில்லை. உட்கார்ந்து மூலையை இழுத்துப் பிடிக்கிறேன். நடுவில் சுருக்கம் விரிகிறது.