தங்க ஊசிக்காரர்

என் மகளின் மூட்டு வீக்கத்துக்குத் தங்கம் கலந்த ஊசி போட வேண்டும், அது சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முதல் ஊசிக்காக அவளோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது அவர் வந்தார். லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப் ஆள். முறுக்கு மீசை, வீங்கிய விரல்கள். பெஞ்சைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“உள்ள தங்கம் இருக்கு சார், கீறல் விழக்கூடாது. எங்க போடுவாங்க தெரியுமா பாப்பா? இடுப்புக்குக் கீழ. எம் பொண்டாட்டி கேக்குறா, ‘எம் மூக்குக்கு ஒரு பொட்டுத் தங்கம் இல்ல, உம் பின்னாடிக்கு வாராவாரமா?’ன்னு.”

காலையிலிருந்து “நக்கோ அப்பா, ஊசி வேண்டாம்” என்று அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அப்போது நர்ஸ் வந்து, அவருடைய சிறுநீரில் புரதம் போகிறது, இனி அந்த ஊசி கிடையாது என்று அவரிடம் சொன்னார். மகளை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

“எங்க சார் கிளம்பிட்டீங்க?”

“உங்களுக்கே இப்படி ஆயிடுச்சே!”

“ஹவ் சார், ஆமா, ஆனா பெரிசாகுறதுக்குள்ள பிடிச்சிட்டாங்கல்ல? ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி பாத்துட்டுத்தான் போடுறாங்க.” பிறகு மகளிடம் சொன்னார்: “அப்பா ரொம்பப் பயப்படுறாரு பாப்பா. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போ.”

அவளும் கூட்டிப்போனாள். தன் மருந்து நின்றுபோன அந்த நிமிடத்தில், எனக்குக் கொடுக்க அவரிடம் எங்கிருந்து தைரியம் மிச்சமிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.